நாயின் தோல்கட்டியில் புண் உண்டானால்: முதல் நாள் முதல் தையல் பிரிக்கும் நாள் வரை

நாயின் உடம்பில் நெடுநாளாக இருந்த கட்டி ஒன்று திடீரென்று தோல் உடைந்து ஈரமும் இரத்தமும் கசியத் தொடங்கினால், பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது புண்தான். அதை எப்படியாவது ஆற்றிவிட வேண்டும் என்ற எண்ணமே மனத்தை நிறைத்துவிடும். ஆனால் அங்கே இருப்பவை இரண்டு: மேலே ஒரு புண், அடியில் ஒரு கட்டி. புண்ணை நாம் வீட்டிலேயே சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். கட்டி இன்னதென்று வீட்டிலிருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. பல்லாண்டு அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கூடக் கையால் தடவிப் பார்த்து மட்டும் உறுதி சொல்ல மாட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் முதன்முதலாக நாய் வளர்க்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் வெயில், எங்கள் ஈ, எங்கள் வீட்டு அலமாரிகளில் இருக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் இந்தப் பராமரிப்பைச் சொல்ல முடியாது.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் எட்டு வயதுக் கலப்பின நாய் ஒன்று இருந்தது. அதன் இரத்தத்தில் ஸ்டாஃபி (ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர்) இனமும் கலந்திருந்தது. அதன் பின்தொடையில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி ஓராண்டுக்கு மேல் இருந்தது. தொட்டால் மெத்தென்று நகர்ந்ததால் கொழுப்புக் கட்டி என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ஒரு ஜனவரி மாதத்தில் அதன் மேல்தோல் உடைந்தது. "மஞ்சளை அரைச்சுப் போடுங்க, மூணு நாள்ல காஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு சொன்னார், நாங்களும் போட்டோம். பொருக்குத் தட்டியதும் மகிழ்ந்தோம். மூன்று வாரம் கழித்துப் பொருக்கு விழுந்தபோது கட்டி முன்பைவிடப் பெரிதாகி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. மருத்துவர் ஊசி குத்திப் பார்த்ததில் அது மாஸ்ட் செல் கட்டி, அதாவது நாய்களின் தோலில் மிகுதியாக வரும் புற்றுநோய் வகை, என்று தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், நாய் பிழைத்தது. இருந்தாலும் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. புண்ணைக் கவனித்துக்கொண்டே கட்டியைக் கவனிக்காமல் விட்டோம்.

முதலில் செய்ய வேண்டியது

வலியிலிருக்கும் நாய் தன் எசமானரையும் கடிக்கும். அது துரோகமன்று, அச்சம். எனவே புண்ணைத் தொடுவதற்கு முன் நாயை வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவந்து, அது நம்பும் ஒருவரைத் தலைப்பக்கம் அமர்த்துங்கள். அகன்ற துணிப்பட்டை ஒன்றை மூக்கைச் சுற்றிக் கட்டி, தாடைக்கு அடியில் ஒரு முறை குறுக்காகக் கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிட்டால் அதுவே வாய்க்கட்டாகும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற குறுமூக்கு நாய்க்கும் அப்படிக் கட்டக்கூடாது. கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

கையுறையைப் பற்றி வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை. 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் நாய்க்கும் பூனைக்கும் அந்தத் தடுப்பூசி கட்டாயமாக இருப்பதும் அதனால்தான். கட்டியில் புண் என்று நாம் நினைப்பது, வேலி தாண்டி வந்த நாயோ கீரியோ கடித்த காயமாகவும் இருக்கலாம். தடுப்பூசி அட்டையை எடுத்து நாளைப் பாருங்கள். நாய் உங்களைக் கடித்துவிட்டாலோ, உங்கள் கையில் இருந்த கீறலில் அதன் எச்சில் பட்டாலோ, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமில்லாமல் மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ செல்லுங்கள்.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை மடித்து, உறுதியாக, ஆனால் கட்டியைப் பிதுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பிரிந்துவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நில்லாவிட்டால் அழுத்தியபடியே வண்டியில் ஏற்றுங்கள்.

அடுத்து ஒரு படம் எடுங்கள். புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஐந்து ராண்ட் நாணயத்தை வைத்து எடுத்தால், மறுவாரம் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டு அளவு மாறியதா என்று சொல்ல முடியும். நினைவை நம்பாதீர்கள், நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. கட்டியை எப்போது முதலில் பார்த்தீர்கள், எப்போது உடைந்தது, ஒரு நாள் பெருத்து மறுநாள் சுருங்குகிறதா என்பதையும் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவையே.

கழுவும் முறை

அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். இதற்கு மேல் உப்பு கூடினால் எரியும். மருந்துக்கடையில் ஊசியில்லாத இருபது மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொண்டால், அந்த உப்புநீரை மெதுவாகப் பீய்ச்சி அழுக்கையும் சீழையும் கரைத்து எடுக்கலாம். பஞ்சால் தேய்க்காதீர்கள், பஞ்சின் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். காஜ் துணியால் ஒற்றி எடுங்கள். ஒட்டியிருக்கும் பொருக்கை இழுக்காமல், உப்புநீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் வைத்தால் தானாகக் கழன்று வருவது வரும், வராததை விட்டுவிடுங்கள். புண்ணைச் சுற்றி மயிர் நீளமாக இருந்தால், நாய் அசையாமல் நிற்கும்போது மட்டும், முனை மழுங்கிய கத்தரியால் நறுக்கலாம். துள்ளும் நாயானால் அந்த வேலையை மருத்துவரிடம் விடுங்கள். கத்தரி பட்டுக் கட்டியோடு தோலும் அறுந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன்.

கிருமிநாசினி வேண்டுமென்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். பிறகு உப்புநீரால் ஒரு முறை அலசிவிடுங்கள். நாய் அதை நக்கி விழுங்கக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவினால் போதும். அடிக்கடி கழுவினால் புதிதாக முளைக்கும் தோல் கரைந்து போகிறது.

புண்ணில் போடக்கூடாதவை

நம் வீடுகளில் நல்ல மனத்தோடு நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜேய்ஸ் ஃப்ளூயிட் என்ற கிருமிநாசினி தரைக்கும் சாக்கடைக்கும் உரியது. அதில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் தோலைச் சுடும்; தோல்வழியாக உடம்பில் ஏறி ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். புழு வைத்த புண்ணில் இதை ஊற்றுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை இன்றே விட வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலும் அப்படியே. டெட்டால் நாய்த்தோலுக்கு எரிச்சலூட்டும், பூனைக்கு நஞ்சாகும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிய திசுவையும் அழிக்கின்றன. தேயிலை மர எண்ணெய் இயற்கையானது என்று விற்கப்பட்டாலும் நாய்க்கு நஞ்சு. குழந்தைகளுக்கு நாப்கின் உரசி வரும் தடிப்புக்குப் பூசும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கி விழுங்கினால் துத்தநாக நஞ்சு ஏறி, இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

மஞ்சளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆயா காலத்திலிருந்து நம் காயங்களுக்கு மஞ்சள் பூசி வந்தோம், அதன்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கட்டியின் மேலுள்ள புண்ணில் மஞ்சளைப் பூசினால், சிவப்பா, கருப்பா, சீழா, அழுகலா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லாமல் போகிறது. அதைவிடப் பெரிய தீங்கு, ஏதோ வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் நாள் கழிவதாகும்.

மனிதர்களுக்கான ஸ்டீராய்டு களிம்புகளை ஒருபோதும் பூசாதீர்கள். அவை வீக்கத்தைச் சிலநாள் அடக்கிக் காட்டும்; கட்டியின் உயிரணுக்களை மாற்றி ஊசிச் சோதனையின் விடையையே குழப்பிவிடவும் கூடும். வலிக்கு என்று நம் மருந்துகளைக் கொடுப்பதும் கூடாது. தலைவலிக்கு நாம் சாதாரணமாக வாங்கும் கிராண்ட்-பா பொடியில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபீன் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். நாய்க்கென்று தனியே வலிமருந்துகள் இருக்கின்றன. நம் மாத்திரை ஏதேனும் முன்பே கொடுத்துவிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

நூலாலோ ரப்பர் வளையத்தாலோ கட்டியின் அடியை இறுக்கிக் கட்டி விழச்செய்வதும், பிதுக்குவதும், ஊசியால் குத்தி உடைப்பதும் எந்த நிலையிலும் வேண்டாம். மாஸ்ட் செல் கட்டிக்குள் ஹிஸ்டமைன் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. கட்டியைப் பிதுக்கினால் அது வெளியேறி, சுற்றிலும் கணப்பொழுதில் சிவந்து வீங்கும். மிகுதியாக வெளியேறினால் இரத்த அழுத்தம் சரிந்து நாய் மயங்கி விழவும் கூடும்.

நக்குவதும் ஈயும்

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடைமுறையில், நாக்கு மணிக்கணக்கில் ஒரே இடத்தை நக்கும்போது எந்தப் புண்ணும் ஆறுவதில்லை. கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்புக் காலரை மருத்துவரிடமோ செல்லப்பிராணிக் கடையிலோ வாங்கலாம். மூக்கு நுனியைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் நீண்டிருந்தால்தான் அது பயன்தரும். முதல் நாள் நாய் சுவரில் முட்டிக்கொண்டு பரிதாபமாக நிற்கும். மனமிரங்கிக் கழற்றிவிடாதீர்கள், இரண்டு நாளில் பழகிவிடும். புண் மார்பிலோ வயிற்றிலோ முதுகிலோ இருந்தால் பழைய பருத்தி டீ-ஷர்ட் ஒன்றை முன்னங்கால்கள் கைப்பகுதியில் நுழையும்படி போட்டு, இடுப்புக்கு மேல் சுருட்டி முடிச்சிடலாம். அது ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

கட்டு போடுவது காலில் உள்ள புண்ணுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். ஒட்டாத துணி, அதன்மேல் மெல்லிய பஞ்சுப்பட்டை, அதன்மேல் தளர்வான கட்டு என்ற வரிசையில், பாதவிரல்களிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இடம்விட வேண்டும். விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். மற்ற இடங்களில் திறந்து வைப்பதே நல்லது.

திறந்து வைத்தால் ஈ வரும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் இது சிறிய விஷயமன்று. பச்சையாக மின்னும் ஈக்கள் ஈரப்புண்ணின் ஓரத்து மயிரில் அரிசிக் குறுணைபோல வெள்ளையாக முட்டையிடும். ஒரே நாளில் அவை புழுவாகிவிடும். அதனால் நாயைப் பகலில் வீட்டுக்குள்ளோ வலையடித்த தாழ்வாரத்திலோ வைத்து, படுக்கைத் துணியை நாள்தோறும் துவைத்து, முற்றத்தில் மலத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். காலையிலும் மாலையிலும் மயிரை விலக்கிப் பாருங்கள். குறுணை தெரிந்தால் அந்த மயிரோடு நறுக்கி எடுத்துவிடுங்கள். புழுவே வந்துவிட்டால், உப்புநீரால் பீய்ச்சி, இடுக்கியால் கண்ணுக்குத் தெரிந்தவற்றை எடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மேலே பத்துப் புழு தெரிந்தால் தோலுக்கு அடியில் குடைந்து சென்றவை அதிகமாக இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாகாணத்தின் வெப்பப் பகுதிகளில் புட்ஸி ஈ என்று ஒன்று உண்டு. அது ஈரமணலிலும் வெளியே கிடக்கும் துணிகளிலும் முட்டையிடும். புழு நாயின் தோலுக்குள் புகுந்து, நடுவே சிறு துளையுள்ள கொப்புளமாக வளரும். பார்த்தால் கட்டியில் புண் போலவே இருக்கும். துளையை உற்றுப் பார்த்தால் உள்ளே ஏதோ அசைவது தெரியும். துளையை வாஸ்லின் களிம்பால் மூடினால் மூச்சுக்காகப் புழு தலைநீட்டும்போது இடுக்கியால் எடுக்கலாம். உள்ளேயே நசுங்கினால் கடும் அழற்சி வரும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மருத்துவரிடம் விடுவதே நன்று. அந்தப் பருவத்தில் நாயின் படுக்கையை வெளியே உலர்த்தினால் இஸ்திரி போட்டே பயன்படுத்துங்கள்.

அடியில் இருப்பது என்னவாக இருக்கலாம்

இதைத் தெரிந்துகொள்வது நீங்களே நோயைத் தீர்மானிப்பதற்காக அன்று. எவ்வளவு விரைந்து செல்ல வேண்டும் என்று புரிவதற்காக.

மூன்று வயதுக்கு உட்பட்ட இளம் நாயின் தலையிலோ காதிலோ காலிலோ, மயிரில்லாத சிவந்த பொத்தான் போல ஒன்று விரைவாக எழும்பி, மேலே புண்ணாகியிருந்தால், அது ஹிஸ்டியோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கக்கூடும். இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் தானாகவே மறையும். வயதான நாயின் மேல் பூக்கோசு போல முண்டுமுண்டாக எழும்பி, வாரும்போது சீப்புப் பட்டுக் கசியும் சிறு கட்டிகள் பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பியில் வருபவை. அவற்றிலும் தீங்கு குறைவு. சண்டைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் சூடாக வீங்கி, தொட்டால் நாய் கத்தினால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். கொழுப்புக் கட்டி மெத்தென்று தோலுக்கடியில் நகரும், புண்ணாவது அரிது. ஆகவே கொழுப்புக் கட்டி என்று நீங்கள் எண்ணியிருந்த ஒன்று உடைந்தால், அந்த எண்ணத்தை மறுபடி சோதிக்க அதுவே போதுமான காரணம்.

மாஸ்ட் செல் கட்டிக்கு என்று ஒரு முகம் கிடையாது. மரு போலவும் இருக்கும், கொழுப்புக் கட்டி போலவும் இருக்கும், பூச்சிக்கடி போல ஒரு நாள் பெருத்து மறுநாள் சுருங்கவும் செய்யும். பாக்ஸர், பக், லாப்ரடார், ஸ்டாஃபி இனங்களில் அதிகம் வருகிறது. நாய் வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்திருந்தாலோ, கட்டியிலிருந்து வெளியான ஹிஸ்டமைன் வயிற்றில் அமிலத்தைக் கூட்டிக் குடலைப் புண்ணாக்கியிருக்கலாம்.

வெள்ளை மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய்கள், சிறப்பாக மல்லாந்து வெயில் காயும் புல் டெரியர்கள், எங்கள் நாட்டு வெயிலால் வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் புற்றுநோய் பெறுகின்றன. அது கட்டியாகத் தோன்றுமுன்பே ஆறாத சிரங்காகத் தெரியும். கருத்தடை செய்யாத பெண் நாயின் முலைவரிசையில் உள்ள கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கானவை. கருத்தடை செய்யாத வயதான ஆண் நாயின் ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டிகள், விரையை எடுத்தால் பெரும்பாலும் சுருங்குகின்றன. தெருவில் திரியும் நாய்களிடையே இணைசேரும்போது தொற்றும் கட்டி ஒன்றும் உண்டு; பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் சொட்டும், பார்க்க அச்சமாக இருக்கும், ஆனால் வாரந்தோறும் போடும் வின்கிரிஸ்டின் ஊசிக்கு நன்றாகவே கட்டுப்படும்.

ரிட்ஜ்பேக் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே கழுத்து அல்லது முதுகின் நடுக்கோட்டில் தோலிலிருந்து உள்ளே இறங்கும் குழாய் ஒன்று இருக்கும்; அது முதுகுத்தண்டின் உறைவரைகூட எட்டியிருக்கலாம். வெளியே சீழ் வடியும் சிறு கட்டியாகத் தெரியும். அதைக் கிளறுவது மிகவும் ஆபத்தானது.

எப்போது செல்வது

இரத்தம் நிற்காவிட்டால், புழு தெரிந்தால், நாய் உண்ணாமல் சோர்ந்து படுத்தால், ஈறு வெளிறியிருந்தால், மலம் கறுத்திருந்தால், முகம் வீங்கினால், உடல்வெப்பம் 39.5 பாகை செல்சியசுக்கு மேலிருந்தால் அன்றே செல்லுங்கள். ஈறு வெளிறுவதற்கு எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: உண்ணி பரப்பும் பிலியரி நோய். புண்ணைப் பார்க்கும்போதே காது, விரலிடுக்கு, வால் அடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றாலும், புண்ணான கட்டியை ஒரு வாரத்துக்குள் காட்டிவிட வேண்டும். இடையில் புண் ஆறிவிட்டால் போகத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள்; ஆறிய தோலுக்கு அடியில் கட்டி அப்படியே இருக்கிறது. புண்ணே இல்லாத கட்டியும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ ஒரு மாதம் நிலைத்திருந்தாலோ சோதிக்கப்பட வேண்டியதே.

மருத்துவர் தடுப்பூசி போடும் அளவுள்ள மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்தி, சில உயிரணுக்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்ப்பார். பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். புண்ணின் மேற்பரப்பில் அழற்சி உயிரணுக்களே மிகுந்திருக்கும் என்பதால், உடையாத ஓரத்திலிருந்து எடுப்பதே பயனுள்ளது. சில வேளை அதில் விடை கிடைக்காது. அப்போது ஒரு துண்டு சதையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப நேரும். "புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்தால் போதும்" என்று நாமே சொல்லிவிட்டு வந்துவிடக்கூடாது. "இந்தக் கட்டியை ஊசியால் பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பணம் ஒரு தடையென்றால் அதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். எதை இப்போது செய்யலாம், எதைப் பிறகு செய்யலாம் என்று மருத்துவர் பிரித்துக் கூற முடியும். வருமானம் குறைந்தவர்களுக்காக விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ. போன்ற நலச் சங்கங்கள் நடத்தும் கிளினிக்குகளும் உண்டு; வருமானச் சான்று கேட்கக்கூடும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிக்கலான கட்டிகளை, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவதும் உண்டு. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவப் பீடம் 1920இலிருந்து அங்கேதான் இயங்குகிறது. எதுவுமே செய்யாமல் நாயைப் புண்ணோடு முற்றத்தில் விட்டுவைப்பது 1962ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

கட்டியை எடுப்பது என்று முடிவானால், முதல்நாள் இரவு உணவை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று கேட்டு அதன்படி நடங்கள். தண்ணீரையும் எப்போது எடுப்பது என்று கேளுங்கள். மாஸ்ட் செல் கட்டியானால் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்தே எடுப்பார்கள். சிறிய கட்டிக்கு இவ்வளவு நீளத் தையலா என்று எங்கள் வீட்டில் அனைவரும் திகைத்தோம். அந்த ஓரத்தில் மீதி உயிரணு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கட்டி மறுபடி வருமா என்பது அமைகிறது. ஆகவே எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்த எண்ணாதீர்கள். அறிக்கை வந்ததும் கட்டியின் பெயர், தரம் (எவ்வளவு தீவிரமானது), ஓரம் சுத்தமா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்டுதல் இல்லை, ஓட்டமும் குதித்தலும் இல்லை, சிறுநீர் கழிக்க மட்டும் வாரில் பிடித்து வெளியே நடத்திச் செல்லுங்கள். கூம்புக் காலர் இரவும் பகலும் இருக்க வேண்டும். ஒரே இரவில் தையல் முழுவதையும் பல்லால் பிரித்துவிடும் நாய்கள் உண்டு. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நாய் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் சொன்ன நாள்வரை கொடுங்கள். தையலோரம் மிகச் சிவந்தாலோ, வாய்பிளந்தாலோ, நாற்றமுள்ள நீர் வடிந்தாலோ காத்திராமல் தொலைபேசியில் அழையுங்கள். தீபாவளியை ஒட்டிய நாள்களில் அறுவை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. வெடிச்சத்தத்தில் மிரளும் நாய் சுவரில் மோதித் தையலைக் கிழித்துக்கொள்ளும்.

உணவில் புரதம் வேண்டும். புரட்டாசியில் வீட்டில் மீனோ இறைச்சியோ சமைக்காதபோது நாய்க்கும் பருப்புச் சோறே கிடைக்கிறது. தோல் ஒட்டும் நாள்களில் அதற்குத் தரமான நாய்த்தீனியை வாங்கித் தனியே கொடுங்கள். மீந்த கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து வைக்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

எல்லாக் கட்டியையும் எடுக்க முடிவதில்லை. மிக முதிர்ந்த நாய்க்கோ, நோய் பரவிவிட்ட நாய்க்கோ அறுவை வேண்டாம் என்று நீங்களும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அப்போது செய்ய வேண்டியது புண்ணைச் சுத்தமாக வைப்பது, வலிக்கும் நாற்றத்துக்கும் மருத்துவர் தரும் மருந்தைத் தவறாமல் கொடுப்பது, ஈ அண்டாமல் காப்பது, மெத்தையான படுக்கை தருவது. உண்கிறதா, வாலை ஆட்டுகிறதா, இரவில் உறங்குகிறதா என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். நல்ல நாள்களைவிடக் கெட்ட நாள்கள் மிகுந்துவிட்டால், வலியின்றி உறங்கவைப்பது பற்றி மருத்துவரோடு பேசுங்கள். வீட்டில் நாயோடு வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

தையல் பிரித்த பிறகு மாதம் ஒரு முறை, நாய் களைத்துப் படுத்திருக்கும் மாலையில், தாடையிலிருந்து வால்நுனிவரை இரு கைகளாலும் தடவிப் பாருங்கள். அக்குளையும் தொடையிடுக்கையும் விரலிடுக்குகளையும் விட்டுவிடாதீர்கள். முலைக்காம்பைக் கட்டியென்று எண்ணி அஞ்சுகிறவர்கள் உண்டு. ஆண் நாய்க்கும் காம்புகள் இரு வரிசையாக இருக்கும். புதிதாக ஏதேனும் கைக்குத் தட்டுப்பட்டால், ஒரு தாளில் நாயின் உருவத்தை வரைந்து, கட்டி இருக்கும் இடத்தில் புள்ளியிட்டு, அளவையும் தேதியையும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பழைய தழும்பின் மேலோ அதன் பக்கத்திலோ எழும்பும் கட்டிக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே காட்டுங்கள்.